அழிக்காமல் மாற்றுவது

ஜூலை 9, 2002, செவ்வாய்
செம்மேடு. காலையிலிருந்து தூறல். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தி நடக்கிறேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் குழந்தைகளின் அடுத்த ஊசித் தேதியைக் கணக்கிட்டுச் சீட்டில் அச்சடிக்கும் ஃபங்ஷனை, அந்த நிரல்துண்டை, திருத்த வேண்டும். தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதாம். ஊசி போடுவது புதனில் மட்டும். நாலு வரி வேலை.

ஜூலை 10, புதன்
நாலு வரி மானத்தை வாங்கிவிட்டது. பழையதை அழித்து, அதே பெயரில் புதிதாக எழுதினேன். இரண்டு கவுண்டரிலும் சீட்டு வரவில்லை. அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது!
கவுண்டர் செல்வி: "ஏனுங்க சார், வெளியில இருவது பேரு நிக்கிறாங்க."
புரிவதற்குள் மதியம். காலையிலிருந்து திறந்தே கிடக்கும் கவுண்டர் திரைகள் ஃபங்ஷனின் பெயரைப் பார்ப்பதில்லை, டேட்டாபேஸ் அதற்குக் கொடுத்த பழைய உள் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டை இடித்துப் பக்கத்து மனையில் கட்டியவன் நான். தபால்காரர் பழைய இடத்திலேயே நிற்கிறார். திரைகளை மூடித் திறந்ததும் சரியாயிற்று.
அதற்குள் ஒரு பெண் மலைக்குள் குண்டூர் நாடு என்ற பகுதியிலுள்ள தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கைக்குழந்தையோடு மூன்று மணி நேர நடையாம்.
"கம்ப்யூட்டரு படுத்துருச்சு, அடுத்த புதன் வாங்கன்னு சொல்லிட்டேனுங்க" என்றாள் செல்வி.
சீட்டில்லாமல் ஊசி இல்லை என்று விதி வைத்தவனும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி
அலுப்பு. சோறு இறங்கவில்லை. டேட்டாபேஸின் புதிய பதிப்புக்கான கையேடு படித்தேன். அழிக்காமல் இருந்த இடத்திலேயே மாற்றி வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. உள் எண் மாறாது. ஃபங்ஷன் வாங்கும் விவரமும் திருப்பித் தரும் விடையும் முன்போலவே அதே வகையாக இருந்தால் போதும். முன்பே படித்திருக்கலாம், சோம்பேறி.
வாங்க: சோப்பு, டார்ச் பேட்டரி. செருப்பு தைக்க.

ஜூலை 17, புதன்
வெயில். புதன் லீவு நாளாக இருந்தால் ஊசித் தேதி அடுத்த புதனுக்குப் போக வேண்டுமாம். அந்தத் திருத்தம் இன்றே வேண்டும் என்றார் டாக்டரம்மா. கூட்டம் நிற்கும்போதே, கையேட்டில் படித்த கட்டளையால் மாற்றினேன். சீட்டு வந்துகொண்டேயிருந்தது. செல்விக்கு மாற்றியதே தெரியாது.
அந்தப் பெண் வந்தாள். செல்விதான் காட்டினாள். பிள்ளைக்கு ஊசி ஆனதும் போய்ச் சொன்னேன்: "போன வாரம் கம்ப்யூட்டர் மேல தப்பில்லைங்க. தப்பு என்னோடது."
ஏற இறங்கப் பார்த்தாள்.
"அப்ப அடுத்த ஊசிக்கு நீங்க எங்கூருக்கு நடந்து வாங்க."
சிரிக்கவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.
செருப்பு இன்னும் தைக்கவில்லை.