எனக்காக நின்ற பஸ்

மதினி,

இன்றைக்கும் ஏழரை மணி பஸ் எனக்காக நின்றது. பிரேக் போட்டதும் வருகிற சூடான ரப்பர் வாடையும் செம்மண் புழுதியும் முகத்தில் அடித்தன. உங்கள் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. ரோட்டில் ஒரு பெண் ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுவாள் என்று திருமயம் பக்கத்து டிரைவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

நீங்கள் அண்ணனைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம், உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "நடந்தா எப்பக் கொறையிறது? ஓடிருவோம்" என்றீர்கள். மருமகள் ஒத்தையில் ரோட்டில் போகக் கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறவள் நான். எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது.

நம் ஊர் நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரைக்கும் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்பது உங்கள் ஆசை. முதல் நாள் அடிபம்பைக்கூடத் தாண்டவில்லை. அதன் பிடியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு வாரம் கழித்தும் அதே பம்புதான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "போன வாரம் இங்க ஒக்காந்தோம். இன்னைக்கு நிக்கிறோம்ல?" என்றீர்கள்.

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று எங்கோ கேட்டு வந்திருந்தீர்கள். என்னை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கு சரிப்படவில்லை. "நீ மூச்சு முட்டிப் பேசாம வர்றியா, வெக்கப்பட்டுப் பேசாம வர்றியான்னு எனக்கு எப்புடித்தா தெரியும்?" அதனால் ஒவ்வொரு கரண்டு போஸ்ட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "நேத்து நம்ம வீட்டுல என்ன கொழம்பு?" ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் நாம். இருந்தாலும் நான் ஒரே மூச்சில் பதில் சொல்ல வேண்டும். குரல் உடைந்தால் வேகத்தைக் குறைப்பீர்கள்.

குழம்பில் தொடங்கிய பேச்சு கடைக்கு வருகிறவர்களின் சண்டைக்குப் போனது. ஓடும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. கண்மாய் மடையை முதன்முதலாகத் தாண்டிய அன்றைக்கு, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். தலைவலி என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எழுந்து வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை, வகுப்பே சிரித்தது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த போஸ்ட்டுக்கும் வா" என்றீர்கள்.

பஸ்ஸில் ஏறிய கதையை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! செருப்பில் முள் ஏறி நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். முன்னால் தனியாக ஓடிய எனக்காக பஸ் நின்றது. "ஏறுத்தா, ஏறுத்தா, லேட்டாகுது" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். சன்னல் முழுக்க முகங்கள். ஏறவில்லை என்று சொல்ல வாய் வராமல் நான் ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அழாத குறையாக நின்றேன். நடந்தே வந்து சேர்ந்த நீங்கள் ரோட்டோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ரெண்டு மாசமா வர முடியாத எடத்துக்கு ரெண்டு நிமிசத்துல வந்துட்டியே புள்ள!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "'ஏறலண்ணே'ன்னு ஒரு வார்த்தை. சொல்லிப் பாரு" என்றீர்கள். சுற்றிலும் யாரும் இல்லை. அப்போதும் வரவில்லை. "சரி விடு. அதுவும் மெதுவா வரட்டும்."

ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வண்டியில் கொண்டுவந்தார்கள். அண்ணன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் நாம் ஓடிச் சேராத அந்த நிறுத்தம் வந்தது. அப்புறம் மடை, அப்புறம் பம்பு. எல்லாம் எவ்வளவு பக்கத்தில் இருந்தன, மதினி.

தை மாதம் வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி கிளம்பியபோது அம்மா, "அவளே போயிட்டா. இனி ஒனக்கு என்னத்தா ஓட்டம்?" என்றாள். நான் வாய் திறந்து பேசிய இடம் அந்த ரோடு ஒன்றுதான் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்குப் பம்பைக்கூடத் தாண்ட முடியவில்லை. பஸ் சத்தம் கேட்டால் ரோட்டோரப் புளியமரம் ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் ஒதுங்கி, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். அப்படி நின்றதிலேயே பாதி நாள் ஓட்டம் போனது.

இன்றைக்கு ஒதுங்க நேரம் இல்லை. மடையைத் தாண்டியதும் பஸ் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது. "ஏறுத்தா!"

"ஏறலண்ணே. நான் ஓடுறேன். நீங்க போங்க."

குரல் உடையவில்லை. "எதுக்குத்தா ஓடுற?" என்றார் கண்டக்டர். "சும்மாதாண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விசில் அடித்தார். பஸ் போனது. உங்களுக்குக் கேட்டதா என்று பார்க்க நான் பக்கத்தில் திரும்பினேன். புழுதி மட்டும் இருந்தது. அப்போதும் கால் நிற்கவில்லை.

மடைக்கு அப்பால் இருக்கிற கடைசிப் புளியமரம் வரைக்கும்தான் இன்றைக்கு முடிந்தது. நிறுத்தத்தின் கூரை அங்கிருந்து தெரிகிறது. இன்னும் நான்கு போஸ்ட். இந்த மாதம் முடியாது என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

நேற்று நம் வீட்டில் மொச்சைக்கொட்டைக் குழம்பு, மதினி. அந்த மரத்தடியில், ஒரே மூச்சில், சத்தமாகச் சொன்னேன்.