சரசுவின் கொடி வெங்காயம்

1978, ஸ்கந்தபுரம்

ஓகஸ்ட் 3, வியாழன்
கடும் வெயில். கிணற்றில் இறைக்க இறைக்கச் சேறு. சரசுவைப் பரந்தனில் யாழ்ப்பாண பஸ் ஏற்றியாயிற்று. தங்கையின் பிள்ளைப்பேறு, ஒரு மாதம் நிற்பாள். யன்னலாலும் அதே கதை.
"கொடி காஞ்சால் காயட்டும். தண்ணி மட்டும் ஊத்திப்போடாதேங்கோ."
"ஓம், ஓம்."
பதினைந்து வருடம் வெங்காயம் செய்தவனுக்கு மனைவி சொல்லும் வெங்காயப் பாடம்!

ஓகஸ்ட் 11
சட்டியில் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. அவளுடைய தம்பி கப்பலில் வேலை. தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பாதி மண்ணுக்கு மேலே நிற்கும் பச்சை வெங்காயம். உச்சியிலிருந்து நூல்போலக் கொடி, பேருக்கும் இலை இல்லை. தின்றால் நஞ்சாம்.

அவனிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. பழைய கடிதங்கள் சாமி படத்தடியில். "இது இருக்குமட்டும் அவனும் இருப்பான்" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துப் பகிடி பண்ணினேன்.

என் பொறுப்பில் சாகவிடலாமா? எங்கள் முறைப்படி மாட்டெரு போட்டுக் கழுத்துவரை மண்ணுக்குள் தாட்டேன். காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு.

ஓகஸ்ட் 24
இன்றைய வேலை: யூரியா. சைக்கிள் ரியூப். சரசுவுக்குக் கடிதம் (எழுதவில்லை).
சட்டியில் நாற்றம். விரல் விட்டேன், கூழ். நல்ல இதழ் ஒன்றாவது மிஞ்சுமா என்று கழுவிக் கழுவிப் பார்த்தேன். இல்லை. வாழையடியில் புதைத்தேன். மடையன் நான். ஒரே ஒரு சொல்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 30
பரந்தன் கடையில் பெரிய வெங்காயம், ஒன்று (எங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயம்தான்).
"தோட்டக்காரன் வெங்காயம் வாங்கிறதை இண்டைக்குத்தான் கண்டனான்!" கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.
தோலை உரித்துச் சட்டியில் பாதி வெளியே தெரிய வைத்தேன். வெட்கம்.

செப். 5
சரசு வந்துவிட்டாள். பையை இறக்கமுன் சட்டியடிக்குப் போனாள். நெடுநேரம் நின்றாள்.
"தண்ணி ஊத்தேல்லைத்தானே?"
"இல்லை."
"தம்பியின்ர கடிதம் ஏதும்?"
"இல்லை."
இரண்டு இல்லையில் ஒன்று பொய்.

செப். 9, சனி
முளைத்துவிட்டது. நேராக, குழலாக, சந்தையில் பார்க்கிற அதே வெங்காயத்தாள். சொல்லிவிடலாம் என்று போனேன். சரசு செம்போடு நின்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ஊத்தக்கூடாதெண்டு சொன்னனீர்?"
"இதுக்கு ஊத்தலாம்."
கோபம் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய், சாமி படத்தடியிலிருந்த தம்பியின் கடிதங்களை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.