ஏழு வருடப் படுக்கையும் ஆறு மா நிலமும்

ஜூன் 19
காலையில் தூறல். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலுக்கு விதை ஊறப் போட்டேன்.

பதிவுத் தபால். என் வீட்டுக்காரர்தான். பத்தொன்பது வருடம் மஸ்கட். திரும்பி வந்த மூன்றாம் மாதம் விவாகரத்து மனு. வீடு, ஆறு மா நிலம் (இரண்டு ஏக்கர்), எல்லாம் அவர் சம்பாத்தியமாம். எனக்குப் பங்கில்லையாம். காரணம் ஒரே வரி: 'எதிர்மனுதாரர் எந்த வேலையும் செய்யாதவர்.'

மூன்று தடவை படித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான்.

ஜூன் 22
திருவாரூர். வக்கீல் மலர்விழி. என் மகள் கவிதா வயதுதான் இருக்கும். இத்தனை வருடம் செய்ததை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன்.

– பிள்ளைகள் இரண்டு. விக்னேஷுக்கு மஞ்சள் காமாலை, நாற்பது நாள்.
– நடவு, அறுப்பு. முறை வைத்து விடும் தண்ணீருக்கு வரப்பில் காவல்.
– வீடு கட்டும்போது சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது. நான் ஒருத்தி.
– மாமியார். பக்கவாதம். ஏழு வருடம், கண் மூடும்வரை, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து.

சமையலை எழுத மறந்தே போனேன். கவிதா போனில் சிரித்தாள்.

நவம்பர் 9
அடைமழை. கோர்ட். கொழுந்தனார் வாசலிலேயே மடக்கி, வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடச் சொன்னார். முடியாது என்றேன்.

வீட்டு வேலை எல்லாப் பெண்களும் செய்வதுதானே என்றார் என் வீட்டுக்காரருடைய வக்கீல். நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். குரல் நடுங்கவில்லை.

"அவங்க அம்மாவ நான் விட்டுட்டுப் போயிருந்தா, அவரு அங்க ஒரு மாசம் வேல பாத்திருக்க முடியுமாங்க? அத மட்டும் கேளுங்க."

நீதிபதி கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"முடியாதுங்க."

எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 27
வெயில். தீர்ப்பு. விவாகரத்து உண்டு. வீட்டிலும் நிலத்திலும் எனக்குச் சரிபாதி. நான் வீட்டைத் தாங்கியதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்று நீதிபதி வாசித்தார். மலர்விழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் தனியாக வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"அம்மா கடைசியா என்னக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வந்துட்டீங்கன்னு சொன்னேன். விக்னேஷ் கையப் புடிச்சுக்கிட்டு, உங்க கைன்னு நெனச்சுக்கிட்டே போனாங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. வயலில் உளுந்து பறிக்க ஆள் வந்திருக்கும். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.