மூன்று கட்ட நோட்டும் என் வாயும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன், மலையுச்சியிலிருந்து உருண்டு முழங்காலை உடைத்துக்கொண்டவன் (சரி, ஏணி. சரி, மூன்றாவது படி), வீட்டில் ஓய்வில் கிடந்தவன், இன்று காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் வகுப்பில் சேர்ந்தேன்.

தங்கை மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. நான் அவளை நீதிபதி என்றுதான் கூப்பிடுவேன். எதையும் நெடுநேரம் பார்ப்பாள். பிறகு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல், தீர்ப்பாக வரும். மேல்முறையீடு கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில், எல்லாரும் உட்காருகிற வகுப்பில்தான் படிக்கிறாள். ஆனால் இந்தப் பருவம் தினமும் பாடத்தின் நடுவே மேசைக்கடியில் போய்விடுகிறாளாம். வெளியே இழுத்தால் ஓடுகிறாளாம். பள்ளி சொல்லிவிட்டது: வீட்டு ஆள் ஒருவர் கூட உட்கார வேண்டும். இருபத்தேழாம் தேதி கூட்டத்தில் முடிவு. இங்கேயே இருப்பதா, ஊருக்கு வெளியே இருக்கும் தனிப் பள்ளிக்குப் போவதா.

தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த வீட்டு ஆள் நான்.

செவ்வாய்தோறும் வரும் சிறப்பு ஆசிரியை, சின்ன வயசு, பெரிய பை, ஒரு நோட்டைக் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது. அவள் என்ன செய்தாள். அப்புறம் என்ன ஆனது.

"காரணத்த நீங்க தேட வேணாம் சார். கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. காரணம் தானா வெளிய வரும்."

கண்ணால் பார்த்ததை மட்டும். என்னிடம் போய். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

நோட்டின் முதல் பக்கம் அரங்கேறியது. பெருமைக்காக இங்கேயும் நகல் எடுக்கிறேன்.

முன்னால்: கணக்குப் பாடம். செய்தது: நீதிபதி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் பாய்ந்த வேகத்தில் மூன்று மேசைகள் கவிழ்ந்தன, கூரை ஓர் அடி எழும்பி உட்கார்ந்தது. அப்புறம்: நாற்பது பிள்ளைகளும் நாட்டைவிட்டே ஓடினர்.

விழுந்தது ஒரு பென்சில் டப்பா. அதுவும் என் கால் பட்டு. வகுப்பு டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். ஒரு ரசிகை போதும் எனக்கு.

மார்ச் 5, வியாழன்

இன்று நோட்டில் ஐந்து மேசை.

மார்ச் 6, வெள்ளி

கணக்கு குற்றவாளி இல்லை. இன்று அந்த நேரத்தில் படம் வரைந்தார்கள், அப்போதும் போனாள். மணி பத்து ஐம்பத்திரண்டு. நேற்றும் அதே. முந்தாநாளும் அதேதான் என்று நினைக்கிறேன், மேசைகளைக் கவிழ்க்கும் மும்முரத்தில் கடிகாரம் பார்க்கவில்லை.

சந்தேகப் பட்டியல்: மின்விசிறி — நிறுத்திப் பார்த்தாயிற்று. டீச்சரின் சாவிக்கொத்து — வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பள்ளி மணி — அது அடிப்பது பதினொன்றேகாலுக்கு. எல்லோரும் விடுதலை. அப்படியானால் எது?

அவள் போவதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஏன்?

மார்ச் 9, திங்கள்

இன்று நானும் மேசைக்கடியில் போனேன். போனதை விட வெளியே வந்ததுதான் சாதனை. இரண்டு பிள்ளைகள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

உள்ளே அவள் சுவரோரம் முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் காதை வைத்தேன். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு விளையாடக் கிளம்பியது. நாற்பது இரும்பு நாற்காலிகள் சிமெண்டுத் தரையில் ஒரே நேரத்தில் பின்னால் இழுபட்டன. பிரேக் தேய்ந்த லாரி இறக்கத்தில் போடும் கூச்சல் எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் அது தாலாட்டு.

தினமும் இதே வகுப்பில்தான் இருக்கிறேன். மேலே உட்கார்ந்திருந்தபோது ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கும். நமக்கு எதைத் தள்ளுவது என்று தெரிகிறது. அவளுக்கு எல்லாச் சத்தமும் முன்வரிசையில் வந்து உட்காருகிறதோ?

இன்னொன்று. சத்தத்துக்கு மூன்று நிமிடம் முன்பே போகிறாள். சத்தத்தைவிட அது வரப்போகிறது என்பதுதான் அவளை வாட்டுகிறதா?

நோட்டில் தங்க எழுத்தில் பொறித்தேன்: 'சுவருக்கு அப்பால் நூற்று அறுபது கால் மிருகம் ஒன்று தினமும் 10.55க்கு விழித்துக் கர்ஜிக்கிறது.'

மார்ச் 10, செவ்வாய்

சிறப்பு ஆசிரியைக்குக் காய்ச்சல், வரவில்லை. நோட்டை வகுப்பு டீச்சர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார், கோப்பில் சேர்க்க வேண்டுமாம். என் எழுத்து மேலிடம் போகிறது.

மார்ச் 12, வியாழன்

போயிற்று. எல்லாம் போயிற்று.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். நோட்டு மேசைமேல் விரிந்திருந்தது. இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு.

"மூணு மேசை. மறுநாள் அஞ்சு மேசை. மத்த பிள்ளைங்களுக்கு அடிபட்டா யார் சார் பதில் சொல்றது?"

"மேடம், அது சும்மா எழுதினது. ஒரு மேசையும் விழல."

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்ப எது சும்மா, எது நிஜம்?"

மிருகத்தைக் காட்டினேன். இதுதான் நிஜம் மேடம், மூன்றாம் வகுப்பு நாற்காலிகள், அதுதான் காரணம் என்றேன். அவர் அந்த வரியை ஒருமுறை படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"நூத்தி அறுபது கால் மிருகம்," என்றார். நோட்டை மூடினார்.

கெட்ட மனுஷி இல்லை. அவர் இடத்தில் நானிருந்தாலும் மூடியிருப்பேன்.

வீட்டில் தங்கை கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பாட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "உன் வாய்க்கு என் பொண்ணுதானா அண்ணா கிடைச்சா?"

தட்டைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

நுணலும் தன் வாயால் கெடும். நுணலுக்காவது தன் உயிர்தான் போகும்.

மார்ச் 17, செவ்வாய்

சிறப்பு ஆசிரியை வந்தார். பழைய நோட்டை முழுக்கப் படித்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, தெரியவில்லை. புது நோட்டு கொடுத்தார்.

"இன்னும் பத்து நாள் இருக்கு. ஒரு சட்டம்தான் சார். 'போல'ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. எண்ணிக்கை எழுதினா எண்ணிட்டு எழுதுங்க."

எழுதினேன்: '10.52. கடிகாரத்தைப் பார்த்தாள். காதைப் பொத்தினாள். மேசைக்கடியில் போனாள். 10.55, பக்கத்து வகுப்பில் நாற்காலிச் சத்தம். 11.01, தானாக வெளியே வந்தாள்.'

வியர்த்துவிட்டது. லாரியில் சரக்கேற்றுவது இதைவிடச் சுலபம்.

மார்ச் 18, புதன்

நானும் வகுப்பு டீச்சரும் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் கெஞ்சி, நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொன்னோம். பிள்ளைகள் தூக்கினார்கள். சத்தமே இல்லை. ஆனாலும் 10.52க்குப் போய்விட்டாள்.

நியாயம்தான். இன்று சத்தம் வராது என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கு யார் சொன்னது? சொல்லியிருந்தாலும் என் வாயால் சொன்னதை அவள் ஏன் நம்ப வேண்டும்?

மார்ச் 19, வியாழன்

சிறப்பு ஆசிரியை போனில் கேட்டார். நான் புலம்பினேன். புலம்பலின் நடுவே ஒன்று சொன்னேன்: "மலைப்பாதையில ஓட்டுறவனுக்கு என்னைக்குமே வாந்தி வராது மேடம். பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்குத்தான் வரும். வளைவு எப்ப வரும்னு அவன் கையில இல்ல பாருங்க."

அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தம் கேட்டது.

"சார், அப்ப ஸ்டியரிங்க அவகிட்ட குடுத்திடலாமா?"

மார்ச் 20, வெள்ளி

பச்சை அட்டை ஒன்று செய்தோம். 10.50க்கு அவள் கையில் கொடுத்து, பக்கத்து வகுப்பு வாசலுக்குக் கூட்டிப்போனோம். அட்டையைத் தூக்கினால்தான் மூன்றாம் வகுப்பு எழும் என்று படம் வரைந்து காட்டியிருந்தோம்.

நின்றாள். அட்டை கக்கத்தில், கை இரண்டும் காதில். நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் அவளையே பார்த்தார்கள். நான்கு நிமிடம். எண்ணினேன்.

பிறகு ஒரு கையை எடுத்தாள். அட்டையைத் தூக்கினாள். நாற்காலிகள் எழும்பின. மற்ற கை காதிலேயே இருந்தது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மேலே. நாற்காலியில்.

மார்ச் 24, செவ்வாய்

மூன்றாம் வகுப்பில் ஒரு தடியன் வேண்டுமென்றே தன் நாற்காலியை இழுத்தான். அவள் நடுங்கினாள். ஓடப்போகிறாள் என்று நான் வாசலை மறித்தேன். ஓடவில்லை. அட்டையைக் கீழே இறக்கினாள்.

"திரும்ப," என்றாள்.

வகுப்பே உட்கார்ந்து மறுபடி எழுந்தது. தடியன்தான் எல்லோரையும் விட மெதுவாகத் தூக்கினான். நோட்டில் 'தடியன்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு மாணவன்' என்று எழுதினேன்.

மார்ச் 26, வியாழன்

நாளை கூட்டம். இன்று போய் இப்படி ஆக வேண்டுமா? டீச்சர் சொல்லாமல் வாசிப்பு நேரத்தையும் வரைகிற நேரத்தையும் மாற்றிவிட்டார். அவள் எழுந்து ஓடினாள். தாழ்வாரக் கடைசியில் பிடித்தேன். இருபத்தாறு நிமிடம் அழுதாள்.

தங்கை நோட்டைப் பார்த்தாள். "நாலு நாளா நல்லாதானே இருந்தா. இதை எழுதித்தான் ஆகணுமா?"

"நடந்துச்சே."

"நடக்காத அஞ்சு மேசையக் கவுத்த. நடந்த ஒண்ண மறைக்கத் தெரியாதா உனக்கு?"

எழுதிவிட்டேன். தப்புப் பண்ணிட்டேனோ? தெரியல.

மார்ச் 27, வெள்ளி

தலைமை ஆசிரியை புது நோட்டை முதலிலிருந்து புரட்டினார். "யார் எழுதிக் குடுத்தது இது? உங்க எழுத்து இல்லையே," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் இது இரண்டாவது முறை. முதல் முறை பல் டாக்டரிடம் மயக்க ஊசியில்.

கடைசிப் பக்கத்தில் நின்றார். நேற்றையதை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் எழுதினீங்க? விட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"நடந்தது மேடம். மாத்துனத முன்னாடியே சொல்லியிருந்தா ஓடியிருக்க மாட்டா. எனக்குத் தோணுறது அது. கட்டத்துல அத எழுதல."

அவர் வகுப்பு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். அதன்பிறகு நேரம் மாறினால் எப்படி முன்கூட்டிச் சொல்வது, படமா, கடிகாரமா என்று பேச்சு போயிற்று. தனிப் பள்ளிக்கு அனுப்புகிற பேச்சே வரவில்லை. எனக்கு அது புரிய ஐந்து நிமிடம் ஆனது. தங்கைக்கு முன்பே புரிந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது தலைமை ஆசிரியை கூப்பிட்டார். பழைய நோட்டை நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'இது நடக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார். மிருகம் இருந்த பக்கத்தில் மட்டும் நிறுத்தி, "இதுக்கு வேணாம்," என்றார்.

"இன்னொண்ணு சார். அடுத்த பருவம் நீங்க வர வேணாம். அவளே பாத்துக்குவா."

ஏப்ரல் 6, திங்கள்

புதுப் பருவம். பள்ளிவரை கொண்டுவிட்டேன். என்னை இழந்த துக்கத்தில் பள்ளியே வாசலில் திரண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு நாற்பது பேரும் நாற்காலிகளைத் தலைக்குமேல் தூக்கி மரியாதை செலுத்தினார்கள். தலைமை ஆசிரியை என் காலில் விழ வந்தார், முழங்கால் வலியைச் சொல்லித் தடுத்தேன். நீதிபதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாமா போகாதே என்று அழுத அழுகையில் தெருவில் வெள்ளம்.

இதில் பள்ளி வாசல்வரை போனது மட்டும் நிஜம். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.