சுமிகோ வீட்டுச் சாமிக்குச் சொன்ன விலாசம்

நோபல் பார்க்,
மெல்பேர்ண்.
14.8.1976

என் அன்புக்குரிய அக்காவுக்கு சந்திரவதனா ஆசையோடு எழுதிக்கொள்வது. நாங்கள் இரண்டு பேரும் சுகம். அத்தானோடு சேர்த்து இனி உங்கள் மூன்று பேரின் சுகத்தையும் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குசினியில் நிண்டபடியே வாசிச்சனான். முப்பத்தாறு வயதில், கலியாணம் முடிச்சுப் பத்து வருசத்துக்குப் பிறகு பிள்ளை தங்கின சேதியை ஒரு வரியில் எழுதிப்போட்டு, கீழே மாடு கண்டு போட்டதை அரைப் பக்கத்துக்கு எழுத உங்களால்தான் முடியும். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடிச்சுப்போச்சு. வேலையால் வந்த இவர் நான் அழுகிறனோ சிரிக்கிறனோ எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டவர்.

இனி நான் சொல்லப்போறதுக்கு அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பக்கத்து வீட்டு சுமிகோவைப் பற்றி முந்தி எழுதினனான் எல்லோ. உலகச் சண்டை முடிஞ்ச பிறகு ஒரு அவுஸ்திரேலியப் பட்டாளக்காரனைக் கட்டி இஞ்ச வந்த யப்பான்காரி. அவவின் வீட்டுச் சுவரில் உயரத்தில் ஒரு பலகைத் தட்டு, அதில் மரத்தால் செய்த சின்னக் கோயில். உள்ளே சிலை இல்லை. விடிய எழும்பி அரிசியும் உப்பும் தண்ணியும் வைச்சு, இரண்டு தரம் குனிஞ்சு, இரண்டு தரம் கை தட்டிக் கும்பிடுவா. இந்த ஊரில் எங்களுக்கெண்டு ஒரு கோயில் இருந்தால் நான் ஏன் அங்க போறன்? எனக்கு இரண்டாந்தரமும் கரு கலைஞ்சு போன பிறகு, மே மாதம் ஒரு நாள் மனம் பொறுக்காமல் போய், உங்கட சாமிக்குத் தமிழ் விளங்குமோ எண்டு கேட்டனான்.

அவ சிரிக்கேல்லை. மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது புருசன் அந்தத் தட்டுக்கு முன்னால் நிண்டு இங்கிலீசில்தான் கேட்டவராம், பிள்ளை எழும்பிவிட்டானாம். மனதில் இருக்கிறது சாமிக்குத் தானாக விளங்குமாம். ஆனால் வெளியாள் கும்பிட்டால் பெயரும் விலாசமும் கட்டாயம் சொல்லவேணுமாம். இல்லாவிட்டால் எந்த வீட்டுக்குக் குடுக்கிறது எண்டு தெரியாதாம்.

நானும் குனிஞ்சு, கை தட்டி, அர்ச்சனைக்குச் சொல்லுறது போலத் தொடங்கினனான். சந்திரவதனா, உத்தரட்டாதி நட்சத்திரம். விலாசம் எண்டதும் வாயில் வந்தது நீங்கள் இருக்கிற எங்கட ஊர் வீடு, கோயில் ஒழுங்கை, மானிப்பாய். இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை தா எண்டு கேட்டுப்போட்டு வந்திட்டன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிழை விளங்கினது. வெக்கத்தில் திரும்பிப் போகேல்லை. இவர் ஒரு கிழமையாகப் பகிடி பண்ணினவர்.

இப்ப உங்கள் கடிதம் வந்திருக்கு. எல்லாம் தற்செயல் எண்டு காட்ட இவர் கலண்டரைக் கழட்டிக்கொண்டு வந்து எண்ணினவர், எஞ்சினியர் எல்லோ. நான் கேட்டது மே இருபத்திரண்டு. உங்களுக்கு நாள் தள்ளினது ஜூன். இரண்டு தரம் எண்ணிப்போட்டு, கலண்டரைத் திரும்ப ஆணியில் கொழுவினவர். பிறகு தானே சொன்னார், சனிக்கிழமை போய் எங்கட விலாசத்தைச் சரியாகச் சொல்லு, வீட்டு இலக்கத்தை விட்டிடாதை எண்டு. ஒரு கடதாசியில் எழுதியும் தந்தவர்.

இண்டைக்குக் காலமை அந்தக் கடதாசியைக் கோட்டுப் பைக்குள் வைச்சுக்கொண்டு போனனான். வாய் திறக்கேக்கை, இந்த வயதில் கவனம் எண்டு டொக்டர் உங்களைப் படுக்கச் சொன்னதாய்க் கடிதத்தின் முடிவில் நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்தது. அக்கா, எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. விலாசம் பிழைச்சுப்போச்சு எண்டு நான் சொல்ல, அங்க குடுத்ததை எடுத்து இஞ்ச தந்துவிட்டால் என்ன செய்யிறது? நன்றி மட்டும் சொன்னனான். முந்திச் சொன்ன விலாசம் சரிதான், ஒண்டும் மாத்த வேண்டாம் எண்டு தமிழில் இரண்டு தரம் சொல்லிப்போட்டு வந்தனான்.

சொன்னியோ எண்டு இவர் வாசலில் நிண்டு கேட்டார். ஓம் எண்டன். பதில் எழுதேக்கை இதைப் பற்றி ஒண்டும் எழுதாதேங்கோ, உங்கள் கடிதத்தை இவரும் வாசிக்கிறவர்.

பாரம் தூக்காதேங்கோ. தண்ணி அள்ளுறதை அத்தான் பார்க்கட்டும். பிள்ளையை நல்லபடியாகப் பெத்து எடுங்கோ அக்கா. இப்போதைக்கு எனக்கும் அதுதான் பிள்ளை.

உங்கள் அன்புத் தங்கச்சி,
சந்திரா