முப்பத்தெட்டு சதவீதம்

ஜூன் 9, திங்கள்

வெயில் குறையவே இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம். செல்லூருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.

பேப்பரில் போட்டிருக்கிறது: நாளை மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. எங்கள் தெருவின் பெயரும் இருக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது: தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏற்ற. மாவு ஆட்ட. போன் சார்ஜ். லேப்டாப் சார்ஜ்.

லேப்டாப்தான் கவலை. மகள் திவ்யா பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போயே நாலு வருடம் ஆகிறது. இப்போது அதுதான் என் வீட்டுக்காரருக்கு வாய். நரம்பு நோய் வந்த மூன்று வருடத்தில் கால், கை, நாக்கு எல்லாம் போய், வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். விரலுக்குக் கீழே மவுஸ். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது ஒரு தட்டு. வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் வாசிக்கும். பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி. போனில் போட்டுப் பார்த்தோம், அந்தக் கண்ணாடி அவர் விரலுக்கு ஒத்துவரவில்லை.

இருபத்தாறு வருடம் பவர்லூம் மெக்கானிக். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே கத்தல். "மெதுவாப் பேசுனா சொத்தா அழிஞ்சு போகும்" என்று எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன். இப்போது அந்தப் பெண் குரலில் கெட்ட வார்த்தைகூட மரியாதையாகக் கேட்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். பே: 41 நி. (பேட்டரி, நிமிடம். இனி இப்படித்தான் குறிக்கப்போகிறேன்.)

எட்டு மணி நேரத்துக்கு 41 நிமிடப் பேச்சு.

ஜூன் 10, செவ்வாய்

9.05க்குக் கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறி நின்றது. மாதத்தில் இந்த ஒரு நாள்தான் இங்கே காக்கா கத்துவது காதில் விழும்.

லேப்டாப்பை மூடி வைத்தேன். பேச வேண்டுமானால் மவுஸைத் தட்டுங்கள், திறக்கிறேன் என்றேன்.

9.40க்கு டிக் டிக். திறந்தேன். ஆறு நிமிடம் தட்டி, "கஞ்சியில உப்பு இல்ல."

"இதுக்கா? இம்புட்டுச் சார்ஜையும் உப்புக்கா செலவழிப்பீங்க?"

சிரித்தார். இப்போதெல்லாம் அவர் சிரிப்பு விக்கல் மாதிரி வருகிறது. கொஞ்சம் பயந்துதான் போவேன்.

11.20க்கு மறுபடி டிக் டிக். இந்தத் தடவை நிறுத்தவில்லை. அரை மணி நேரம். கடைசியில் அந்தப் பெண் வாசித்தாள்: "பதினேழாந் தேதி டாக்டர் கேப்பாரு. கொழாய் வேணாம்னு நானே சொல்லுவேன். நீ குறுக்க பேசாத மகேசு." அதோடு திரை இருண்டது.

போன தடவை டாக்டர் சொன்னது: நெஞ்சு களைத்துக்கொண்டே வருகிறது, மூச்சு அதிக நாள் தாங்காது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் மாட்டினால் வருடக்கணக்கில் இருக்கலாம். வீட்டிலேயே மெஷின். கூடவே ஒரு ஆள், இருபத்து நாலு மணி நேரமும். "யோசிச்சுட்டு வாங்கம்மா. ஆனா சம்மதம் அவர் சொல்லணும்."

ஐந்தரை வரை கரண்ட் வரவில்லை. விசிறி பிடித்தே மணிக்கட்டு வலி. அதுவரை கண் பேச்சுதான். கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். மேலே பார்த்தால் இல்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பாஷை. திவ்யாவுக்கே மாறிப்போகும்.

"கொழாய் போட்டுக்கலாம்ல?" நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் மோட்டுவளையைப் பார்த்தார்.

ஜூன் 11, புதன்

எதிர்வீட்டு ராணி அக்காவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு டவுனுக்குள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜமால் பாய் கடைக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே, லேப்டாப் பையைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

பாய் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்தால் ஆடுகிறது. உப்பிவிட்டது.

"எந்நேரமும் பிளக்குலயே கெடந்துச்சாம்மா?"

"ஆமா பாய். கரண்ட் போயிருமோன்னு பயம்."

"அதான். நூறுலயே வச்சு வச்சு, அது சூட்டுலயே வெந்து போச்சு. எம்பதுக்கு மேல ஏத்தாதீங்க, இருபதுக்குக் கீழ எறக்காதீங்க. இந்த மாடலுக்குப் பேட்டரி வர்றதில்ல. உள்ள இருக்குற செல்லை மட்டும் மாத்தித் தாரேன்."

"பதினேழாந் தேதிக்குள்ள வேணும். ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் நிக்கணும்."

"நாலா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "இன்ஷா அல்லா, ரெண்டு நிக்கும். மிச்சம் உங்க கைப்பக்குவம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசனை. அவர் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இந்தச் சார்ஜ். அதற்கு நானே அலைகிறேன். மாறிவிடுவார் என்று ஒரு நப்பாசை. பேசப் பேச மனசு மாறாதா.

பேட்டரியை மட்டும் பாய் வைத்துக்கொண்டார். லேப்டாப் பிளக்கில் ஓடும். தக்காளி அரைக் கிலோ. சோப்பு மறந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்று எழும்பிவிட்டது. கொடியில் துணி நிற்கவில்லை.

பாய் ஜும்மா தொழுகை முடித்து வந்ததும் பேட்டரி வாங்கி வந்தேன். மாட்டிச் சோதனை. பே: 1 மணி 50 நி.

சாயங்காலம் திவ்யா போனில் சொல்லச் சொல்லச் செய்தது:
– வெளிச்சம் பாதிக்கும் கீழே.
– வைஃபை, புளூடூத் இரண்டும் அணை.
– பின்னால் ஓடும் ஆறு புரோகிராம் நிறுத்தம். (எதற்கு ஓடிக்கொண்டிருந்தன என்று அவளுக்கும் தெரியவில்லை.)
– ஒவ்வொரு எழுத்துக்கும் வருகிற சத்தம் நிறுத்தம். முழு வாக்கியம் மட்டும் வாசித்தால் போதும்.
– மூடினால் தூங்கக் கூடாது, மொத்தமாக அணைய வேண்டும். அணைந்து கிடந்தால் செலவில்லை. திறந்தால் விட்ட இடத்திலிருந்து வரும்.
– அடியில் இரண்டு மரக்கட்டை. சூடு ஏறாது. இது என் யோசனை.

பே: 2 மணி 35 நி!

அவரிடம் சொன்னேன். "நீ மெக்கானிக் ஆயிருக்கலாம்" என்றாள் அந்தப் பெண். இருபத்தேழு வருடத்தில் வேலை விஷயமாக அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

திவ்யாவுக்கு ஸ்பீக்கரில் போன். பிளக் இல்லாமல் அவர் பேசினார். சோதனையும் ஆயிற்று, மகளிடம் பேசியதும் ஆயிற்று என்று நினைத்துத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். குழாய்ப் பேச்சை எடுப்பார் என்று தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"பேசுறது பேட்டரியில. மூச்சும் பேட்டரியிலன்னா, கரண்ட் போற அன்னைக்கு ஒங்கம்மா எதத் தூக்கிட்டு ஓடுவா?"

திவ்யா அழுதாள். "அந்த மெஷினுக்கு யூ.பி.எஸ். வாங்கலாம்ப்பா" என்றாள்.

இருபது நிமிடம் தட்டல். "வேணாம் தாயி. இந்த வெரலும் போயிரும். அப்பறம் வேணாம்னு சொல்லக்கூட முடியாது. உள்ளயே கெடக்கணும்."

போனை வைக்கும் முன், "அப்பா சொல்றபடி விட்டுரும்மா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "நீ கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு எதுனாலும் சொல்லுவ" என்று கத்திவிட்டேன். பாவம், பிள்ளை.

இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல. எனக்கு அவர் வேண்டும். பேசாவிட்டாலும், அசையாவிட்டாலும், குழாயோடும் மெஷினோடும், எப்படியானாலும் வேண்டும். காலையில் எழுந்ததும் திரும்பிப் பார்த்தால் அந்தக் கட்டிலில் ஆள் இருக்க வேண்டும். எனக்கு வேறு நியாயம் தெரியாது.

பே: 2 மணி 50 நி. இதுவரைக்கும் அதிகம் இதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. 8 மணிக்கு ஆட்டோ. டோக்கன் 64. பயங்கரக் கூட்டம்.

டாக்டர் பார்க்கும்போது 12.40. பேட்டரி தீர்ந்துவிட்டது. அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணால் சரி என்றார். நான் டாக்டரிடம் சொன்னேன். வரும் திங்கள் 23 அட்மிஷன்.

சாத்துக்குடி ஜூஸ், இரண்டு வாய். புரை ஏறியது. திரும்பும்போது பாலத்தில் டிராபிக்.

கால் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

அவர் பேசவில்லை. காலையிலேயே லேப்டாப்பைப் பிளக்கில் போட்டுக் கைக்குக் கீழே மவுஸ் வைத்தேன். எழுத்துகள் மினுங்கிக்கொண்டே போகின்றன. ஒரு தட்டு இல்லை.

"கஞ்சி போதுமா?" கண்ணை மூடினார், திறக்கவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா, தூக்கமா தெரியவில்லை.

ராணி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றார். வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு நூல் சுற்றுகிறேன். எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய்.

நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று பயந்தேனோ.

பேட்டரி தீரவில்லை. பையில் மூடிக் கிடந்தது. காத்திருந்தபோது இரண்டு தடவைதான் திறந்தோம், அந்தக் கூட்டத்தில் விரல் ஓடாமல் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல். "தாகம்" என்று ஒரு தடவை. "இன்னும் எம்புட்டுப் பேரு" என்று ஒரு தடவை. இரண்டாவது தடவை மூடும்போதே மூலையில் பார்த்தேன், 38. வீட்டுக்கு வந்து பிளக்கில் போடும்முன் மறுபடி பார்த்தேன், அதே 38. அவர் சொல்ல வேண்டியதற்கு ஐந்து சதவீதம் போதும்.

டாக்டர் நல்ல மாதிரி. குனிந்து, அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். "ஐயா, குழாய் வச்சுக்கலாமா? நீங்களே சொல்லுங்க." பிறகு என்னைப் பார்த்து, "போன தடவை லேப்டாப்ல பேசினாரே?"

பை என் மடியில்தான் இருந்தது. ஜிப்பில் கைவைத்தேன். திறக்கவில்லை.

"சார்ஜ் போயிருச்சு சார். பழசு."

அப்போது அவர் மேலே பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கண்ணை இறக்கவே இல்லை.

"என்ன சொல்றார்மா?"

"சரின்றாரு சார். மேல பாத்தா சரின்னு அர்த்தம்."

டாக்டர் எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான்தான் துடைத்தேன்.

எத்தனை நாள் பாடுபட்டு நிற்கவைத்த பேட்டரி. நான் நிற்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தட்டல் இல்லை. மூச்சு நேற்றைவிட மேலே மேலே.

டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஃபைலில் நம்பரைத் தேடி எடுத்தேன். எடுத்ததோடு சரி.

திவ்யா கேட்டாள், "அப்பா எப்படிம்மா சம்மதிச்சாரு?" நான் பேசிப் பார்த்தேன் என்றேன். வாயில் பொய் இப்போது தானாக வருகிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மேகம். மழை இல்லை.

திவ்யா மத்தியான பஸ்ஸில் வருகிறாள். நாளை ஆஸ்பத்திரி. நான் தரையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி இருக்கும். டிக்.

ஐந்து நாளுக்குப் பிறகு. கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. விரல் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு சாமி கும்பிட்டு முடிக்கலாம். அப்புறம் அந்தப் பெண் வாசித்தாள்.

"எம்புட்டு இருந்துச்சு?"

எது என்று நான் கேட்கவில்லை.

"முப்பத்தெட்டு" என்றேன்.

மறுபடி டிக், டிக். கெட்ட வார்த்தைதான் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நல்லாத்தான் நின்னுருக்கு."

எழுந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ சொன்னேன். என்னால முடியாதுங்க, தனியா முடியாதுங்க என்று அதையே திருப்பித் திருப்பி. தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. தலையில் கைவைக்க அவரால் ஆகாது. விரல் மவுஸ் மேலேயே இருந்தது. நான் அழுது முடிக்கிறவரை அவர் தட்டவில்லை. பிறகு தட்டினார்.

"நாளைக்கு சார்ஜரையும் எடுத்துக்க."

இப்போது மணி பன்னிரண்டு. பை கட்ட வேண்டும்.

துண்டு 2. ஃபைல். வெந்நீர் பிளாஸ்க். தலையணை உறை. மவுஸ். லேப்டாப், பாய் சொன்னதை மீறி நூறு வரைக்கும் ஏற்றி. சார்ஜர்.

சார்ஜரை மேல் ஜிப்பில் வைத்தேன், கைக்கு எட்டும்படி. நாளைக்குச் சார்ஜ் போயிருச்சு என்று சொல்ல முடியாது. வைத்ததைக் கட்டிலுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்ணை மூடித் திறந்தார்.