மனுவில் நான் போட்ட ஆங்கிலச் சொல்

புதன்கிழமை இரவு.

மெட்ராசோடு சேர்வதா, ஆந்திராவிலேயே இருப்பதா என்று சத்தியவேட்டுப் பக்கத்து எங்கள் ஊரில் இரண்டு கருத்து. அதைத்தான் ஊர்ப் பெரியவர் முனுசாமி, பள்ளி வாத்தியாரான என்னிடம், எல்லை விசாரணை அதிகாரிக்கு மனுவாக எழுதச் சொன்னார். ஊரில் இரண்டு கருத்து இருப்பதை நான் ஆங்கிலத்தில் 'கான்ஃப்ளிக்ட்' என்று எழுதினேன்.

மனுவில் முதல் கையெழுத்து முனுசாமியுடையது. இன்று அந்த மனுவை வைத்துப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

"ஊர்ல சண்டன்னு நீங்களே எழுதிக்கீறீங்க" என்றார் ஸ்டேஷனில் ஏட்டு.

கையோடு கொண்டுபோன அகராதியைக் காட்டினேன். "கருத்து வேறுபாடுன்னும் அர்த்தம் இருக்குதுங்க."

அவர் அதற்கு மேல்வரியில் விரலை வைத்தார். போர், கைகலப்பு. "இதுவும்தானே கீது?"

முனுசாமியின் மனைவி அழவில்லை. "தமிழ்லயே எழுதிக் குடுத்திருக்கலாமே சார்?" என்று மட்டும் கேட்டாள்.

எழுதியிருக்கலாம். அதிகாரி என் ஆங்கிலத்தை மெச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்.